படிக்கட்டுக் கோடு

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வன்று பார்வையாளர்கள் எழுந்து கேட்கும் கேள்விகளை முந்தைய நாளே மாணவர் எழுதி, சின்னச் சின்னச் சீட்டுகளாக நறுக்கி, நண்பர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் அதை மனப்பாடம் செய்து, அப்போதுதான் தோன்றியதுபோல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்பார்கள். மாணவரும் ஒரு நொடி விட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் இது தெரியும். அவரும் ஒரு காலத்தில் சீட்டு நறுக்கியவர்தானே.

நான் ஐந்து சீட்டு எழுதினேன். சீட்டுகளை முதலில் வழிகாட்டி பார்க்க வேண்டும் என்பதும் வழக்கம். என் வழிகாட்டிதான் துறைத்தலைவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சமச்சீர். நான்கு சீட்டுகளைப் படித்து, இரண்டில் காற்புள்ளி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். ஐந்தாவதை இரண்டு தடவை படித்தார். பிறகு அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“நாலு போதும்மா,” என்றார்.

அந்த ஐந்தாவது சீட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் ஏழு வருடங்களைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சுருக்கமாகவே சொல்கிறேன். கணக்கு என்றதும் எழுந்து ஓடுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், என் மாமா. நான் நோட்டைத் திறந்தால் அவருக்கு உடனே மாடியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மனிதர்கள் எப்போது ஒருவருக்கொருவர் உதவுவார்கள், எப்போது நழுவுவார்கள் என்பதைக் கணிதமாக எழுதிப் பார்ப்பது என் ஆய்வு. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. இருவர் கூட்டாளிகள் என்றால் நடுவே ஒரு கோடு. உதவினால் எனக்குக் கொஞ்சம் சிரமம், உனக்கு நிறைய லாபம். நழுவினால் எனக்குச் சிரமமே இல்லை. நான் உன்னிடம் நழுவியது உனக்குத் தெரியும். நம் இருவருக்கும் பொதுவான கூட்டாளி யாராவது இருந்தால் அவருக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. இதையே சுற்றுச் சுற்றாகத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள், இவ்வளவுதான் விதிகள்.

இனி அந்தப் படத்தை மேசையில் வையுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் ஆட்களை இடம் மாற்றுகிறேன். கண்ணைத் திறந்து பார்த்தால் கோடுகள் பழையபடியே இருக்கின்றன என்றால், அது ஒரு நல்ல இடமாற்றம். அப்படிப்பட்ட இடமாற்றங்கள் அத்தனையும் சேர்ந்த கூட்டத்துக்குக் கணிதத்தில் குலம் என்று பெயர். ஆட்கள் எண்ணி முடிகிற அளவில் இருந்தால் அது முடிவுறு குலம்.

சமச்சீர் சாருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு துணைத் தேற்றம். ஒரு படத்தின் குலத்தைக் கொண்டு எந்த ஆளையும் வேறு எந்த ஆளின் இடத்துக்கும் கொண்டுபோக முடியுமானால், அங்கே யாரும் யாரைவிடவும் உசத்தியில்லை, மட்டமுமில்லை. ஆகவே எந்தக் கோட்டில் ஒருவர் நழுவினாலும் விளைவு ஒன்றுதான் என்றது அது. அதை நம்பித்தான் என் மூன்றாம் இயல் நின்றது. கணினியில் நாற்பது படங்களை வைத்துச் சோதித்தோம். வட்டம், கனசதுரம், எல்லோரும் எல்லோருக்கும் கூட்டாளியாக இருக்கும் கும்பல். எல்லாம் அவர் பொறுக்கியவை. லட்சணமில்லாத படத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. லட்சணமான படங்களில் தேற்றம் ஜம்மென்று நின்றது.

அந்தத் தேற்றத்தைக் காட்டி அவர் ஓர் ஆஸ்பத்திரிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆறு நர்ஸ்கள் ஓர் அணி. கீழ்த்தளத்தில் மூன்று பேர், மேல்தளத்தில் மூன்று பேர். ஒரே தளத்தில் இருக்கும் மூவரும் தங்களுக்குள் கூட்டாளிகள். அதோடு கீழே இருக்கும் ஒவ்வொருவருக்கும் மேலே ஒரு ஜோடி. லீவு வேண்டுமென்றால் உங்கள் மூன்று கூட்டாளிகளில் ஒருவர் உங்கள் டூட்டியைப் பார்க்க ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் லீவு கிடையாது. மேலதிகாரி தலையிட மாட்டார், ஆறு பேருக்கும் ஒரே நியாயம் என்று கணிதம் உத்தரவாதம் தந்துவிட்டதே. அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில்தான் என் அக்கா நர்ஸ். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்து, ஓரங்களை ஒழுங்குபடுத்தி, அட்டை போட்டு அனுப்பியவள் நான்.

ஆய்வேட்டைத் தேர்வாளருக்கு அனுப்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு மத்தியானம் அக்கா டூட்டி முடிந்து வந்து, வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, இந்தத் திட்டத்தைப் போட்ட புண்ணியவானை வைதுகொண்டிருந்தாள். கீழே இருக்கும் இருவரும் கேட்டால் வந்துவிடுகிறார்களாம். மேலே இருக்கும் ஜோடிதான் தண்ணி காட்டுகிறாளாம். அக்கா அவளுக்காக ஏழு டூட்டி பார்த்திருக்கிறாள், அவள் அக்காவுக்காகப் பார்த்தது இரண்டு.

அப்படி இருக்க வாய்ப்பே இல்லை என்று நான் அடித்துச் சொன்னேன். அந்தம்மாவின் குணம் சரியில்லையோ என்னவோ என்றும் சொன்னேன். ஏழு வருடம் ஒன்றைப் படித்தால் இப்படித்தான், கண்ணெதிரே நடப்பதைவிடத் தேற்றம் பெரிதாகிவிடும். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு பேருமே அவரவர் ஜோடியைத்தான் குறை சொல்கிறார்கள், ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் குணம் கெட்டுப்போயிற்றா என்று கேட்டாள்.

“கீழ நான் ஒருத்திய ஏமாத்தினா இன்னொருத்திக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கைகழுவிடுவாங்க. மேல இருக்கறவள ஏமாத்தினா யாருக்குத் தெரியப்போவுது, படிக்கட்டுக்கா? நானே ரெண்டு தடவ டிமிக்கி குடுத்திருக்கேன். பொய் எதுக்கு?”

மேசையில் காலியான மாத்திரை அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. அதைப் பிரித்து உள்பக்கத்தில் வரைந்தேன். கீழே ஒரு முக்கோணம், மேலே ஒரு முக்கோணம், இரண்டையும் சேர்த்து மூன்று படிக்கட்டுக் கோடுகள். குலத்தை எழுதினேன். பன்னிரண்டு இடமாற்றங்கள் வந்தன. அவற்றைக் கொண்டு எந்த ஆளையும் எந்த ஆளின் இடத்துக்கும் கொண்டுபோக முடிந்தது. ஆனால் முக்கோணத்தின் கோட்டைப் படிக்கட்டுக் கோட்டின் இடத்துக்குக் கொண்டுபோக அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட உதவவில்லை. ஆட்கள் எல்லாரும் ஒன்று, உறவுகள் ஒன்றில்லை. அந்த ‘ஆகவே’ பொய். நாற்பது படங்களில் இந்த ஆறு புள்ளிப் படம் இல்லை. ஆனால் அறிக்கையின் அட்டையில் இதே படத்தை நான்தான் வண்ணத்தில் வரைந்திருந்தேன்.

எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அக்கா வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல்லிக் காலைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் சமச்சீர் சாரின் அறைக்கு அந்த அட்டைப்பெட்டியோடு போனேன். அவரை முட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டார் என்பது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது. பிறகு சப்பைக்கட்டு ஆரம்பமானது. ஆறே புள்ளி, சின்னப் படம் என்றார். பெரிய படங்களில் இந்தப் பிசகு கரைந்துவிடலாம் என்றார். கரைகிறதா என்று பார்த்தோமா சார் என்று கேட்டதற்குக் கதவைச் சாத்தச் சொன்னார்.

“வைவா முடியட்டும்மா. பட்டத்தக் கையில வாங்கிக்கோ. அப்புறம் நிதானமா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஒரு திருத்தம் எழுதுவோம். ஒத்துழைப்பப் பத்தி ஆராய்ச்சி பண்றவ நீ, எனக்குக் கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா?”

அவருடைய அவசரம் எனக்குத் தெரியும். தேர்வு முடிந்த அடுத்த மாதமே அந்தத் திட்டம் ஆஸ்பத்திரியின் எல்லா வார்டுகளுக்கும் போகிறது. அதோடு இணைக்க, தேறிய ஆய்வேடு ஒன்று அவருக்கு வேண்டும். என் அவசரம் அவருக்குத் தெரியும். நான் தற்காலிக ஆசிரியை. பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் இந்தக் கல்வியாண்டோடு கல்தா. நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அதை மறைத்து இப்போது வீரம் பேச விரும்பவில்லை. ஆட்டினேன். ஆறு வாரம் என்னை நானே கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் தலைவாரினேன். அதற்குப் பிறகுதான் ஐந்தாவது சீட்டை எழுதினேன். ஆய்வேட்டில் எழுத முடியாததைக் கேள்வியாகவாவது யாராவது கேட்கட்டும் என்று நினைத்தேன். அது அவர் பைக்குள் போய்விட்டது.

விடவில்லை. அதையே இன்னொரு சீட்டில் எழுதி எறும்பிடம் கொடுத்தேன். எறும்பு எனக்கு அடுத்து ஆய்வேடு கொடுக்க வேண்டியவன். துறையில் எந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாலும் பாதிதான் இருக்கும், காரணம் அவன். சீட்டைப் படித்துவிட்டு, தனக்கும் இவர்தானே வழிகாட்டி என்று மெல்ல இழுத்தான். ஆனால் கேட்கிறேன் என்றுதான் சொன்னான்.

தேர்வு காலை பதினொரு மணிக்கு. முன்வரிசை ஓர நாற்காலியில் என் கைப்பையை வைத்து அக்காவுக்கு இடம் பிடித்திருந்தேன். இந்த நாளுக்காக ஒரு மாதம் முன்பே அவள் லீவு கேட்டிருந்தாள். பத்தேமுக்காலுக்குக் கைபேசியில் கூப்பிட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது.

“கீழ ஒருத்தி லீவு, இன்னொருத்தி டூட்டியிலேயே இருக்கா. மேல இருக்கறவ வரேன்னு சொல்லிட்டு, இப்ப முடியாதுங்கறா. என்னால வர முடியாதுடி. நீ நல்லா பண்ணு.”

அக்கா அழவில்லை, சலித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஏழு வருடமும் எனக்குச் சோறு போட்டு, நான் எழுதுகிறேன் என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்து வைத்தவள். அவள் என் வாய்மொழித் தேர்வைப் பார்க்கக் கூடாது என்று தடுத்தது எந்த அதிகாரியும் அல்ல, என் மூன்றாம் இயல். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி சமச்சீர் சார் மேல், மீதி என் மேலேயே.

ஐம்பது நிமிடம் பேசினேன். மூன்றாம் இயல் வந்தபோது அதன் பலகைப் படங்களைத் தொடாமல் நான்காவதுக்குத் தாவினேன். வெளித் தேர்வாளர் நரைத்த தலை, தொளதொளவென்ற பருத்திச் சேலை, கையில் ஒரு பென்சில். தாவியதைக் கவனித்துவிட்டார் என்று தோன்றியது. பிறகு சீட்டுக் கேள்விகள் ஆரம்பித்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் ஒழுங்காக வந்தன. நான் விட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் சொன்னேன். சமச்சீர் சாருக்கு உச்சி குளிர்ந்திருந்தது. ஐந்தாவதுக்காக எறும்பைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வாரம் முன்பு நானும் அதே செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வேற கேள்வி இல்லன்னா முடிச்சுக்கலாம்,” என்று சமச்சீர் சார் எழுந்தார்.

பல்கலைக்கழக விதிப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் பலமுறை படித்திருந்தேன். அவையில் அமர்ந்திருக்கும் எவரும் கேள்வி கேட்கலாம் என்பது விதி. வேட்பாளர் நீங்கலாக என்று அதில் இல்லை. அப்படி ஒரு பைத்தியம் பிறக்கும் என்று எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். நான் மேடையிலிருந்து இறங்கி, ஓர நாற்காலியிலிருந்து என் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அக்காவின் இடத்தில் உட்கார்ந்தேன். கையைத் தூக்கினேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிக்கவில்லை.

“நான் ஒரு ஆஸ்பத்திரில கீழ்த்தளத்துல வேலை பாக்கறேன்,” என்று ஆரம்பித்தேன். “பக்கத்துல இருக்கறவ என்னை ஏமாத்தினா இன்னொருத்திக்குத் தெரியும். மேல இருக்கறவ ஏமாத்தினா யாருக்கும் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான்னு இந்த ஆய்வேட்டோட மூணாவது இயல் சொல்லுது. எப்படி ஒண்ணாகும்?”

எழுந்து மேடைக்குப் போனேன். சுண்ணக்கட்டியை எடுத்து இரண்டு முக்கோணங்களையும் மூன்று படிக்கட்டுக் கோடுகளையும் வரைந்தேன். அந்தத் துணைத் தேற்றம் தவறு, ஆகவே என் மூன்றாம் இயல் தவறு என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டு இடமாற்றங்களையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நிம்மதியாக எதையும் எழுதியதில்லை.

வேட்பாளர் கொஞ்சம் பதற்றத்தில் இருக்கிறார், இதைப் பதிவு செய்ய வேண்டாம் என்று சமச்சீர் சார் தேர்வாளரிடம் குனிந்து சொன்னார். அந்தம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பதட்டமா இருந்தா கோடு இவ்வளவு நேரா வராது சார்,” என்றார். பிறகு என்னிடம், உதவியின் லாபம் சிரமத்தைப்போல மூன்று மடங்கு என்று வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். தேற்றத்தின்படி ஒன்பது கோடுகளிலும் ஒத்துழைப்பு நிற்க வேண்டும், ஆனால் முக்கோணக் கோடுகள் ஆறும் நிற்கும், படிக்கட்டுக் கோடுகள் மூன்றும் பத்தொன்பதாவது சுற்றுக்குள் செத்துவிடும் என்றேன். அவர் தன் தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்தார். ஐந்து நிமிடம் கழித்துத் தலையை ஆட்டினார்.

“இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?” என்று சமச்சீர் சாரைக் கேட்டார்.

இப்போதுதான் கேள்விப்படுகிறேன் என்றார் அவர்.

“உங்க சட்டைப் பையில இருக்கு சார்,” என்றேன். நேற்றுப் போட்ட அதே சட்டை. நாலாக மடித்த தாளின் முனை பேனாவுக்குப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் கை தானாகப் பையின் மேல் போய் அதை மூடியது. வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை.

முடிவு நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இல்லை. விழுந்த இயலோடு ஓர் ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று தேர்வாளர் சொன்னார். சரிதான், நானும் போட மாட்டேன். ஆறு மாதத்துக்குள் திருத்தி எழுதிக் கொண்டுவர வேண்டும். அதுவரை பட்டம் இல்லை, நிரந்தர வேலையும் இல்லை. இனி நான் வழிகாட்டியாக இருக்க முடியாது என்று சமச்சீர் சார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வெளியேறினார். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு வாரமாக இருந்த அருவருப்பு போயிருந்தது. பயத்தோடு இருந்துவிடலாம், அருவருப்போடு இருக்க முடியாது.

தேர்வுப் பதிவேட்டை நிரப்புவது எறும்பின் வேலை. கேள்வி, கேட்டவர், பதில் என்று மூன்று பத்திகள். அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

“கேட்டவர்னு யாரப் போடட்டும்?”

அக்காவின் பெயரைச் சொன்னேன். செவிலியர், கீழ்த்தளம் என்றும் எழுதச் சொன்னேன். சமச்சீர் சார் பார்த்தால் அவன் கதை கந்தல் என்பது அவனுக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தி நிதானமாக, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான். தேர்வாளர் கையெழுத்திட்டார். எறும்பு கேட்காமலே எனக்கு இரண்டு பிரதி எடுத்துத் தந்தான்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கீழ்த்தளத்தில் ஒரு கிழவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து, டாக்டர் ஆயிட்டியா என்று கேட்டாள். இல்லை என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய கேள்வியைக் கேட்டதையும் சொன்னேன். அவள் பிரதியை வாங்கித் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“பதில் சரியா சொன்னியா?”

“சொன்னேன்.”

“அப்புறம் என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? இன்னும் ஆறு மாசம் டிவி சத்தத்தக் குறைக்கணும், அவ்வளவுதானே.”

கட்டுப்போடும் பிளாஸ்திரியை நாலு துண்டு கிழித்துக் கைவிரல்களில் ஒட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள். இரண்டு தளங்களுக்கும் நடுவில், படி திரும்பும் இடத்தில், சமச்சீர் சாரின் திட்ட அறிவிப்பு கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்கு மேலேயே, நாலு மூலையிலும் பிளாஸ்திரி வைத்து, பிரதியை ஒட்டினாள். பேனாவை எடுத்து, பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த பழைய காலண்டர் தாளில் இரண்டு கோடு போட்டாள். ஒரு பக்கம் தன் பெயரைப் போட்டு, பார்த்துக் கொடுத்த டூட்டி ஏழு என்று எழுதினாள். இன்னொரு பக்கம் மேலே இருக்கும் ஜோடியின் பெயரைப் போட்டு, இரண்டு. அதற்குக் கீழே, டிமிக்கி என்று எழுதி, தன் பெயருக்கு நேராகவும் இரண்டு என்று போட்டுக்கொண்டாள்.

படிக்கட்டில் என்ன நடக்கிறதென்று கீழிருந்து ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாள். மேலேயிருந்து இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மத்தியான டூட்டிக்கு வந்திருந்த அந்த ஜோடி வந்து நின்றாள். பிரதியைப் படித்தாள், காலண்டர் தாளைப் படித்தாள். சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்தாள். முகம் சிவந்தாலும் திரும்பிப் போகவில்லை. அக்கா பேனாவை மூடாமல் அவளிடம் நீட்டினாள்.

“சண்டைக்கு வரல. உன் கணக்கு வேற மாதிரி இருந்தா நீயும் எழுது. எல்லாரும் பாக்கட்டும்.”

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள்.